எத்தனை வாட்ச் போதும்?

நாடி பார்க்க எனக்குச் செகண்ட் முள் உள்ள ஒரே வாட்ச் போதும். மிச்சமெல்லாம் ஆசைதான். அந்த ஆசைக்கு எது அளவு? வாட்ச் சேர்க்கும் நண்பர்களுக்கு ஒரு தென்காசிக்காரனின் கணக்கு: ஐந்து.

1. சாவி கொடுக்கும் வாட்ச்சுக்குள் இருக்கும் எண்ணெய் சில வருஷத்தில் காய்ஞ்சிடும். சுமார் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் பண்ணணும். ஐந்து இருந்தா வருஷத்துக்கு ஒரு சர்வீஸ். இருபது இருந்தா நாலு!

2. ஹெச்.எம்.டி ஜனதா, பைலட் பிரியர்களே, 1961-ல் பெங்களூரில் சிட்டிசன் கூட்டோடு தொடங்கிய தயாரிப்பு அது. 2016-ல் அரசு மூட முடிவெடுத்தது. இனி உதிரிபாகத்துக்கு இன்னொரு பழைய வாட்ச்சைப் பிரிக்க வேண்டி வரலாம்.

3. குற்றாலம் சீசனில் காற்றெல்லாம் ஈரம். பீரோவில் சும்மா கிடக்கிற வாட்ச்சில் பேட்டரி கசியலாம், துரு பிடிக்கலாம். '30 மீட்டர்' என்று போட்டிருப்பது கை கழுவும்போது தெறிக்கும் தண்ணிக்குத்தான். மெயினருவிக்குக் கழற்றி வெச்சிட்டுப் போங்க.

4. வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் மறைச்சு வெச்ச பில்லால்தான். வாங்குறதுக்கு முன்னாடியே விலையைச் சொல்லிடுங்க. உங்க ஆசைக்கு மாசம் எவ்வளவோ, அதே தொகை அவங்களுக்கும். அதுக்குக் கணக்குக் கேட்கக்கூடாது.

5. ஆறாவது மேல ஆசையா? ஐந்தில் ஒன்றை வித்துட்டு வாங்குங்க. எதை விற்கலாம்னு வீட்டில் கேளுங்க. நீங்க எதைக் கட்டுறதே இல்லைன்னு அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.