அப்பாவின் கேமராவும் ஓர் இயங்கலை ஏலமும்



கடந்த தவணையின் இறுதி வாரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் என்னைக் காணப் பள்ளிக்கு வந்தார். பயிற்சி நூல்களுக்கான கட்டணத்தைச் செலுத்த இரண்டு வாரம் தவணை வேண்டும் என்றார். அதுவரை ஒருமுறையும் தாமதித்தவர் அல்லர். காரணம் கேட்பது முறையன்று என்றெண்ணி, "பரவாயில்லை அம்மா, வசதிப்படும்போது கொடுங்கள்" என்றேன். அவர் எழவில்லை. சற்று நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஐயா, நான் ஏமாந்துட்டேன்" என்றார்.

அவர் முகநூல் நேரலையில் சேலைகளை ஏலம் விடுபவர். தொடக்க விலையைச் சொல்லிச் சேலையை விரித்துக் காட்டுவார். பார்ப்பவர்கள் விலையை ஏற்றி எழுதுவார்கள். கூடுதல் விலை எழுதியவருக்குச் சேலை. அன்று மூன்று சேலைகளை ஒருவரே 480 ரிங்கிட்டுக்கு எடுத்தார். சில நிமிடங்களில் பணம் செலுத்தியதற்கான ரசீதின் படம் புலனத்தில் வந்தது. வங்கியின் சின்னம், தேதி, தொகை, இவருடைய பெயர் எல்லாம் சரியாக இருந்தன. அன்று மாலையே பொட்டலத்தை அனுப்பிவிட்டார். மறுநாள் கணக்கைப் பார்த்தபோது அதில் ஒரு சென்னும் ஏறியிருக்கவில்லை. ரசீது, திறன்பேசியிலேயே திருத்தி உருவாக்கப்பட்ட வெறும் படம்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "படிக்காதவளா இருந்தாகூட பரவாயில்ல ஐயா. ஆறாம் படிவம் வரைக்கும் படிச்சிருக்கேனே, எப்படி ஏமாந்தேன்?"

பள்ளியில் எவரிடமும் நான் சொல்லாத ஒரு செய்தியை அன்று அவரிடம் சொன்னேன். இங்கும் அதைச் சொல்லிவிடுவதே நேர்மை என்று தோன்றுகிறது.

என் தந்தையார் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் புகைப்படக்காரர். இன்று தெலுக் இந்தான் என்று அழைக்கப்படும் நகரம், 1982ஆம் ஆண்டுக்கு முன்னர் தெலுக் ஆன்சன். அங்குள்ள ஒரு படக்கடையில் பழைய யாஷிகா கேமரா ஒன்றைத் தவணை முறையில் வாங்கினார். மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை வில்லைக் கேமரா அது. ஒரு சுருளில் 12 படம். எங்கள் தோட்டத்துத் திருமணங்கள், காதணி விழாக்கள், தீமிதித் திருவிழாக்கள் எல்லாம் அந்த வில்லைகளின் வழியாகவே இன்றும் பல வீடுகளின் சுவர்களில் தொங்குகின்றன.

2008ஆம் ஆண்டில் அப்பாவுக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. "பெட்டியில வச்சா பூஞ்சை புடிச்சிரும். படம் எடுக்கத் தெரிஞ்ச ஆளாப் பாத்துக் கொடுத்திருப்பா. காசைப் பாப்பா பேருல போட்டு வை" என்றார். பாப்பா என்றது அவ்வாண்டு பிறந்த என் மகளை. நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இணையத்தில் பழம்பொருள்கள் நல்ல விலைக்கு ஏலம் போவதாக நண்பர் ஒருவர் கூறியிருந்தார். கேமராவைத் துடைத்து, ஏழெட்டுப் படங்கள் எடுத்து, ஓர் ஏலத்தளத்தில் 7 நாள் ஏலத்திற்கு வைத்தேன். கடைசி மணி நேரத்தில் விலை விறுவிறுவென்று ஏறி 620 ரிங்கிட்டில் நின்றது. அன்றிரவு என் வீட்டில் திருவிழாக் களை.

வென்றவருடைய பெயருக்கு அருகில் 14 நற்சான்றுகள் இருந்தன. குறை கூறியவர் ஒருவருமில்லை. வெள்ளிக்கிழமை மாலை குறுஞ்செய்தி வந்தது: பணம் போட்டாகிவிட்டது, தம்பியின் திருமணத்திற்குப் பரிசாக வேண்டும், நாளைக் காலையே அனுப்பிவிடுங்கள். இணைய வங்கிக் கணக்கைத் திறந்தேன். இருப்பில் 620 ரிங்கிட் கூடியிருந்தது. சனிக்கிழமை காலை அஞ்சலில் சேர்த்தேன்.

அவர் இயந்திரத்தில் போட்டது ரொக்கம் அன்று, காசோலை. காசோலையைப் போட்டவுடன் கணக்கிருப்பில் அத்தொகை தென்படும். ஆனால் அது தேறி முடியும்வரை அப்பணம் நம்முடையதன்று. திரையில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று மொத்த இருப்பு, மற்றொன்று எடுக்கக்கூடிய இருப்பு. நான் முதல் வரியை மட்டும் படித்தேன். வினாவின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு விடையெழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் கண்டிக்கும் ஆசிரியன் நான். செவ்வாய்க்கிழமை காசோலை திரும்பிவிட்டது. தொலைபேசி எண் அணைக்கப்பட்டிருந்தது. அந்த 14 நற்சான்றுகளை அப்போதுதான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒன்றிரண்டு ரிங்கிட் ஒட்டுவில்லைகளும் சாவிக்கொத்துகளும் வாங்கியதற்குக் கிடைத்தவை. முப்பது ரிங்கிட்டுக்கும் குறைவான செலவில் ஒருவர் நற்பெயரை வாங்கியிருக்கிறார். அதைக் கொண்டு என் அப்பாவின் கேமராவை எடுத்துச் சென்றுவிட்டார்.

காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். பணம் செலுத்துவது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விவகாரம் என்று ஏலத்தளத்திலிருந்து பதில் வந்தது. இவை எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது, அப்பாவிடம் சொல்வது. அவர் கோபப்படவில்லை.

"வாங்குனவன் எந்த ஊரு?" என்று கேட்டார்.

"தெரியலப்பா."

"பேரு?"

"ஒரு பேரு இருக்கு. அது உண்மையான்னு தெரியல."

"அப்புறம் யாரை நம்பி அனுப்புன?"

அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. பல ஆண்டுகள் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பா கடனுக்குப் படம் எடுத்தவர். அதனால் அவர் எல்லாரையும் கண்மூடி நம்பினார் என்று நான் எண்ணியிருந்தேன். உண்மை அதுவன்று. சுருள் வாங்குவதற்கு முன்பே பாதித் தொகையை முன்பணமாகப் பெற்றுக்கொள்வார். மீதியை நீலநிற அட்டையிட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். சம்பள நாளன்று மாலை லயத்து வீட்டு வாசலில் போய் நிற்பார். பணம் தரவேண்டியவரை மறுநாள் விடியலில் பெரட்டுக் களத்தில் எப்படியும் காண்பார். அவருடைய நம்பிக்கைக்கு ஊரும் பேரும் வீட்டு எண்ணும் முட்டுக்கொடுத்து நின்றன. நான் அந்த முட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு நம்பிக்கையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இயங்கலை ஏலத்தின் வரலாறே அந்த முட்டுகளை மீண்டும் கட்டியெழுப்பும் முயற்சிதான். பின்னாளில் ஈபே எனப் பெயர் பெற்ற ஏலத்தளத்தை பியர் ஒமிடியார் 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கினார். உடைந்துபோன லேசர் சுட்டி ஒன்று 14 டாலர் 83 சென்னுக்கு அதில் விற்றது பலரும் அறிந்த கதை. முன்பின் அறியாதவர்கள் எப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்வது? அதற்காக 1996ஆம் ஆண்டிலேயே வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்தெழுதும் முறை அங்கே வந்தது. ஆனால், குறை எழுதினால் பதிலுக்குக் குறை எழுதிவிடுவார்களோ என்னும் அச்சம் உண்மையை மறைத்தது. 2008ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஈபேயில் விற்பவர், வாங்குபவரைக் குறைகூறி மதிப்பிட முடியாதபடி விதி மாற்றப்பட்டது. வாங்குவோருக்கு அது பாதுகாப்பு. விற்போருக்கோ, எதிரில் இருப்பவரை அறியும் ஒரு வழி அடைபட்டது.

பொதுவாக, ஏமாறுபவர் வாங்குபவர் என்றே எண்ணுகிறோம். விற்பவரின் ஆபத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இன்று நம் பெற்றோர்களில் பலர் சேலை, பலகாரம், பழைய நூல் என்று ஏதேனும் ஒன்றை இணையத்தில் விற்பவர்கள். ஆகவே, நான் பட்டும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, ரசீதின் படம் பணமன்று. நம் கணக்கை நாமே திறந்து, எடுக்கக்கூடிய இருப்பில் தொகை ஏறியதைக் கண்ட பின்னரே பொருளை அனுப்ப வேண்டும். வாங்குபவர் அனுப்பும் இணைப்பைத் தொட்டுக் கணக்கைத் திறக்கவே கூடாது.

இரண்டாவது, கூடுதலாகப் பணம் போட்டுவிட்டதாகக் கூறி மீதியைத் திருப்பிக் கேட்பவரிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 350க்குப் பதில் 850 வந்ததாகச் சொல்லி 500 கேட்பார்கள். அந்த 850 பொய்யாக இருக்கலாம். அல்லது ஏமாற்றப்பட்ட வேறொருவரின் பணமாக இருக்கலாம். பின்னது இன்னும் கொடியது; காவல்துறை தேடும் கணக்கு நம்முடையதாகிவிடும். பணம் அனுப்பியவரின் பெயரும் வாங்கியவரின் பெயரும் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள். திருப்பித் தருவதாயின் நேரே அனுப்பாமல் வங்கியின் வழியாகவே செய்யுங்கள்.

மூன்றாவது, பணம் பெறுவதற்கு நம் கணக்கு எண்ணோ துரிதக் குறியீடோ போதும். குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்க எண்ணைக் கேட்பவரும், வங்கிச் செயலியில் அனுமதி கொடுக்கச் சொல்பவரும் நம்மிடமிருந்து எடுக்க வந்தவர்களே.

நான்காவது, பொருள் கிடைத்த பின்னரே விற்பவருக்குப் பணத்தை விடுவிக்கும் தளங்கள் இன்று உள்ளன. அங்கே தொடங்கிய பேச்சைப் புலனத்திற்கு மாற்றிக்கொள்ள அழைத்தால் போகாதீர்கள். அங்கும்கூட, வந்தது உடைந்திருந்தது என்றோ வரவேயில்லை என்றோ முறையீடு வரலாம். கடன் அட்டையில் செலுத்திய பணம் பின்னர் மீட்டுக்கொள்ளப்படவும் கூடும். பொருளைப் பொதியும்போது ஒரு காணொளி எடுத்துக்கொள்வதும், அனுப்பிய சீட்டைப் பத்திரப்படுத்துவதும் நமக்குச் சாட்சி.

ஐந்தாவது, நற்சான்றுகளை எண்ணாதீர்கள், படியுங்கள். "இன்றே அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்துகிறவருக்காக ஒரு நாள் பொறுத்திருங்கள். உண்மையாக வாங்குபவர் பொறுத்துக்கொள்வார்.

அரச மலேசியக் காவல்துறையின் 'செமாக் மியூல்' பக்கத்தில், மோசடிப் புகார் உள்ள தொலைபேசி எண்களையும் வங்கிக் கணக்குகளையும் தேடிப் பார்க்கலாம். பட்டியலில் இல்லை என்பதாலேயே நல்லவர் என்று முடிவு செய்துவிடவும் இயலாது. நம் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் காலந்தாழ்த்தாமல் உடனே வங்கியையோ 997 என்னும் எண்ணையோ அழைக்க வேண்டும். தேசிய மோசடி எதிர்வினை மையம் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்டது இதற்காகத்தான். சிங்கப்பூர் நண்பர்களுக்கு 1799 என்னும் எண் உள்ளது.

அந்தத் தாயாரின் அனுமதியோடு, பெயர் கூறாமல், இதை என் வகுப்பில் ஒரு கணிதப் பாடமாக்கினேன். ரசீதின் படம் ஒன்றைத் திரையில் காட்டி, "பணம் வந்துவிட்டதா?" என்று கேட்டேன். வந்துவிட்டது என்றனர் பெரும்பாலோர். கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் மட்டும், "படம்தானே ஐயா வந்திருக்கு?" என்றான். கைதட்டினோம். பாடம் முடிந்தது என்று நான் எண்ணியபோது இன்னொரு மாணவி எழுந்து, "அப்படின்னா யாரையுமே நம்பக்கூடாதா ஐயா?" என்று கேட்டாள்.

வகுப்பு அமைதியானது. எச்சரிக்கை கற்பிக்கப்போய் ஐயத்தைக் கற்பித்துவிட்டேனோ என்று எனக்கு அச்சம் எழுந்தது. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தை நாம் அறிவோம். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் ஐயப்படுவதும் இரண்டுமே துன்பம் என்பது அதன் முடிவுரை. ஆனால் பதினொரு வயதுக் குழந்தைக்கு அதிகாரம் போதாது. ஆகவே அப்பாவின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். முன்பணம் வாங்கினார், எழுதி வைத்தார், நேரில் போய்க் கேட்டார். அப்படியிருந்தும் கடனுக்குப் படம் எடுத்துக் கொடுத்தார். "அவர் நம்பினாரா, நம்பவில்லையா?" என்று கேட்டேன். நெடுநேரம் விவாதித்தார்கள். நான் முடிவு எதையும் கூறவில்லை.

அந்தத் தாயார் இரண்டு வாரத்தில் கட்டணத்தைச் செலுத்திவிட்டார். மீண்டும் சேலை விற்கிறார். பணம் ஏறியதைச் சரிபார்த்துக் குறித்து வைப்பது இப்போது மகளின் வேலையாம்.

அப்பா மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. கேமரா யாரிடம் இருக்கிறதோ தெரியாது. நீல அட்டை நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. பணம் வந்த பெயர்களையெல்லாம் அவர் ஒரு கோடிட்டு அடித்திருக்கிறார். நான்கு பெயர்கள் மட்டும் அடிக்கப்படாமல் உள்ளன. இவர்கள் ஏமாற்றிவிட்டார்களா என்று ஒருமுறை கேட்டேன். "தோட்டத்தை விட்டுப் போயிட்டாங்கப்பா. குடுக்கணும்னு நெனச்சிருப்பாங்க" என்றார்.