தோளுக்கு ஒன்றாய் இரண்டு காமிரா

தங்கவயலில் பணத்துக்குப் பஞ்சம் வந்ததுண்டு. விழாவுக்குப் பஞ்சம் வந்ததில்லை. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் எந்தத் தொழிலை நம்பி இந்த ஊரில் குடியேறினார்களோ, அந்தத் தொழிலே இல்லாமற் போயிற்று. ஆயினும் பொங்கல் நிற்கவில்லை. ஏப்ரல் 14ஆம் நாள் அண்ணலின் பிறந்தநாள் ஊர்வலம் நிற்கவில்லை. ராபர்ட்சன்பேட்டைப் பூப்பல்லக்கு நிற்கவில்லை. பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களும் பேட்டைக்குப் பேட்டை நடக்கும் கால்பந்துப் பந்தயங்களும் முன்போலவே நடந்து வருகின்றன. இவற்றைப் படம் பிடிப்பதே அண்ணன் தம்பியாகிய எங்கள் இருவருடைய பிழைப்பு.

எங்களிடம் நெடுநாள் ஒரு காமிராதான் இருந்தது. இரண்டாவது ஒன்று எதற்கு என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்டார்கள். இத்தொழிலில் இறங்க எண்ணும் இளைஞர் சிலரோ, எதை வாங்கினீர்கள், ஏன் வாங்கினீர்கள் என்று விவரமாகவே கேட்டார்கள். இரு சாராருக்கும் சேர்த்து இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல். லென்ஸ் நீங்கலாக உள்ள பெட்டியைத் தொழிலில் இருப்பவர்கள் 'பாடி' என்பார்கள். படம் பிடிக்கும் பலகம், திரை, விசை எல்லாம் அதற்குள் அடக்கம். லென்ஸைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்பதே இவ்வகைக் காமிராவின் பெருமை. ஆனால் அந்தப் பெருமை எங்கள் ஊர்க் காற்றில் செல்லுபடியாவதில்லை. சுரங்கக் கழிவு மண்ணைக் குவித்து எழுந்த சயனைடு மேடுகளை அறியாதவர் நம்முள் இல்லை. காற்று எழும்பும் நாட்களில் அம்மேடுகளின் மாவு போன்ற தூள் சட்டைப் பையில்கூட வந்து தங்கும். மைதானத்தின் நடுவில் லென்ஸைக் கழற்றினால் அந்தத் தூள் நேரே பலகத்தின்மேல் போய் அமரும். பிறகு அன்று எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் வானத்தில் கரும்புள்ளி தெரியும். லென்ஸ் மாற்றுவதற்கு அரை நிமிடம் ஆகும் என்பது வேறு. கோல் விழுவதும் தாலி கட்டுவதும் அரை நிமிடம் காத்திருக்கும் காரியங்கள் அல்ல.

பிலிம் காலத்தில் இரண்டு காமிரா வைத்திருந்தவர்களுக்கு வேறு காரணங்கள் இருந்தன. ஒரு சுருளில் 36 படம். முப்பத்தேழாவது படத்துக்குரிய காட்சி எதிரே நடக்கும்போது கை சுருள் மாற்றிக்கொண்டிருக்கும். ஒன்றில் கறுப்பு வெள்ளை, மற்றொன்றில் வண்ணம் என்று மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. சுருள் போயிற்று, இரண்டாவது காமிராவின் தேவை மட்டும் போகவில்லை.

பழுது என்பது அடுத்த காரணம். பக்கத்து ஊரில் எங்களுக்குத் தெரிந்த தொழில் நண்பர் ஒருவருக்கு, முகூர்த்த வேளையில் காமிராவின் திரை அசையாமல் நின்றுவிட்டது. பெண் வீட்டார் பண்புடையவர்களாதலால் சண்டை எதுவும் நடக்கவில்லை. அந்தத் திருமணத்துக்குத் தாலி கட்டும் படம் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. அதுவே எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் ரயிலேறி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பும் தகப்பன்மார் பல்லாயிரம் பேர். விளையாட்டு விழா பிற்பகலில் நடக்கும். மகள் நாடாவை அறுத்துக்கொண்டு ஓடி வருவதை அவர்கள் காண்பது இரவில், படத்தில்தான். அந்தப் படம் விழாமற் போனால் அவர்களைப் பொறுத்தவரை அந்த ஓட்டமே நடக்கவில்லை. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடி, அடுத்த ஆண்டே அர்ஜுனா விருது பெற்ற கென்னத் பவல் இந்தக் கோலார் மண்ணின் மைந்தர். ஆகவே இங்கே ஓடும் பிள்ளைகளை வேடிக்கையாக எண்ணிப் படம் பிடிப்பதற்கில்லை.

காரணங்கள் இவ்வளவு இருந்தும் பணம் வேண்டுமே! சீட்டு எடுத்த தொகை ஒன்று இருந்தது. அதை வீட்டுக் கூரைக்கென்று அம்மா ஒதுக்கி வைத்திருந்தார்கள். "இருக்கிறது ஒண்ணு போதாதாப்பா? மழை வந்தா காமிராவையா தலைக்கு மேலே பிடிக்கிறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சாம்பியன் ரீப்பில் பல ஆண்டுகள் பூமிக்கடியில் வேலை பார்த்த அப்பாதான் வழக்கைத் தீர்த்தார். "ரெண்டாவது வழி இல்லாத சுரங்கத்துலே ஆளை இறக்கமாட்டாங்கம்மா. ஒரு வழி அடைஞ்சா இன்னொரு வழியிலே ஏறி வரணும். வாங்கட்டும் விடு" என்றார். சுரங்கச் சட்டமும் அதுவே. கூரை ஒரு மழைக்காலம் பொறுத்தது.

நிற்க. எதை வாங்குவது என்பதுதான் கடினமான பகுதி. எங்கள் முதற் காமிரா 2014இல் வெளிவந்த நிக்கான் டி 750. பெரிய பலகம் உள்ளது, அதாவது 'ஃபுல் ஃபிரேம்'. மங்கிய வெளிச்சத்தில் நன்றாக உழைக்கும். வினாடிக்கு ஆறரைப் படம் எடுக்கும். புதிய காமிராக்களைக் காட்டிய கடைக்காரர்கள் எல்லாரும் கண்ணாடியில்லாத 'மிரர்லெஸ்' வகையையே வாங்கச் சொன்னார்கள். குறை கூறுவதற்கில்லை. முகத்தையும் கண்ணையும் தானே கண்டுபிடித்துத் தொடரும் திறமை அவற்றுக்கு உண்டு. வசதியுள்ளவர்களுக்கு அவையே சிறந்தவை.

எங்களுக்குத் தடையாக நின்றது எங்கள் பழைய லென்ஸ். 80-200 மி.மீ., எஃப் 2.8, 'டி' வகை. பழைய சாமானாக வாங்கியது, இரும்புக் குண்டு போன்றது. அதற்குள் மோட்டார் கிடையாது. பாடியிலுள்ள மோட்டார்தான் ஒரு சிறு திருகின் வழியாக அதைச் சுழற்றிக் குவியம் கொண்டுவர வேண்டும். நிக்கான் நிறுவனத்தார் 1959இல் கொண்டுவந்த எஃப் பிடிப்பை விட்டு 2018இல் புதிய இசட் பிடிப்புக்கு மாறினார்கள். பழைய லென்ஸை மாட்ட ஓர் இணைப்பு வளையம் தந்தார்கள். ஆனால் அந்த வளையத்தில் மோட்டார் இல்லை. கையால் திருகிக் குவியம் வைத்துக்கொண்டு கால்பந்து பிடிப்பது எங்களால் ஆகாத காரியம். புது பாடி வாங்கினால் புது லென்ஸும் வாங்க வேண்டும். அந்த லென்ஸின் விலை கூரையோடு சுவரையும் கொண்டுபோய்விடும்.

இங்கேதான் எங்களுக்கு ஒன்று தெளிவாயிற்று. இரண்டாவது பாடியைத் தேடுகிறவன் பாடியைத் தேடக்கூடாது. எந்த லென்ஸ் அதில் நிரந்தரமாகக் குடியிருக்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வீட்டுக்குத் தக்கபடி குடும்பத்தை அமைப்பார் இல்லையே. 80-200 குடியிருக்க வேண்டும் என்று தீர்ந்தவுடன், கடையில் இருந்த பத்துப் பதினைந்து பெயர்கள் இரண்டாகக் குறைந்தன: இன்னொரு டி 750, அல்லது 2016இல் வந்த டி 500. இரண்டும் தயாரிப்பு நின்றுபோனவை. ஆகவே பழையதாகத்தான் வாங்க வேண்டும்.

டி 500இன் பலகம் சிறியது. அதனால் லென்ஸின் கோணம் ஒன்றரை மடங்கு குறுகும். எங்கள் 80-200 அதில் 120-300 போல நடந்துகொள்ளும். ஊரிகம் ஜிம்கானா மைதானத்தின் கோட்டோரம் நின்று எதிர்ப்பக்கத்துக் கோல்காரரின் முகத்தைப் பிடிக்க இது பேருதவி. குவியப் புள்ளிகள் 153. படச் சட்டத்தின் ஓரம்வரை பரவியிருக்கும். டி 750இல் 51 புள்ளிகள் நடுவிலேயே கூடி நிற்கும். வேகமோ வினாடிக்குப் பத்துப் படம். பன்னிரண்டு வினாடியில் நூறு மீட்டர் ஓடும் பள்ளிப் பெண் ஒரு வினாடியில் எட்டு மீட்டருக்கு மேல் கடப்பாள். ஆறரைப் படம் எடுக்கும் காமிராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அவள் ஒன்றேகால் மீட்டர் போய்விடுவாள். பத்துப் படம் எடுப்பதில் எண்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நாடா மார்பில் படும் கணம் அந்த இடைவெளியில் விழாமலிருக்கும் வாய்ப்பு அவ்வளவுக்குக் கூடுகிறது.

மின்விளக்கு விஷயமும் உண்டு. சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே மின்சாரம் பெற்ற ஊர் இது என்று பெருமை பேசுகிறோம். அந்த மின்சாரம் விளக்குகளை வினாடிக்கு நூறு முறை மங்கி எரிய வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆயிரத்தில் ஒரு வினாடி திறந்து மூடும் திரைக்குத் தெரியும். இரவுப் பந்தயத்தில் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது கறுத்தும் வருவது இதனால்தான். விளக்கு உச்சத்தில் எரியும் கணம் பார்த்துத் திரையைத் திறக்கும் ஏற்பாடு டி 500இல் இருக்கிறது.

இன்னொரு டி 750 வாங்குவதற்கும் நியாயம் இருந்தது. ஒன்று போல் இன்னொன்று என்றால் விரல் தடுமாறாது. பூப்பல்லக்கு இரவில் சிறு பலகத்தைவிடப் பெரிய பலகமே மேல். எல்லாவற்றிலும் முக்கியமானது சுரங்க லைன் வீடுகள். அந்தச் சின்ன அறையில் மணப்பெண், பெற்றோர், அத்தை, மாமா எல்லாரையும் ஒரு படத்தில் அடக்க அகன்ற கோணம் வேண்டும். எங்கள் 24-70 லென்ஸ் டி 500இல் 36-105 போலாகிவிடும். சுவரைத் துளைத்துக்கொண்டு பின்னால் போனாலன்றி ஆள் அடங்காது. முதற் காமிரா பழுதானால் இரண்டாவது தனியாக நின்று கல்யாணத்தை முடித்துக்கொடுக்குமா என்ற சோதனையில் டி 500 தோற்றது.

இளையவன் விளையாட்டின் கட்சி, மூத்தவன் கல்யாணத்தின் கட்சி என்று ஒரு வாரம் போயிற்று. சிறு பலகத்துக்கென்றே செய்த 18-55 மி.மீ. லென்ஸ் ஒன்று மிக மலிவாகக் கிடைத்ததும் வாதம் முடிந்தது. அதை டி 500இல் மாட்டினால் 27 மி.மீ. போன்ற அகலம் கிடைக்கும். லைன் வீட்டுக்கு அது போதும். வெளிச்சம் குறைவாக வாங்கும் லென்ஸ்தான். ஆபத்துக்குத் துணையாகப் பைக்குள் கிடக்கட்டும் என்று வாங்கினோம். டி 500ம் வாங்கினோம்.

பழையது வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. திரை எத்தனை முறை திறந்து மூடியது என்ற கணக்கைப் படக் கோப்பிலிருந்தே அறியலாம். டி 500இன் திரை இரண்டு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. பெரிய எண்ணாகத் தோன்றும். வினாடிக்குப் பத்து வீதம் விரலை எடுக்காமல் அழுத்தினால் ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்! லென்ஸ் வாயை எஃப் 16க்குச் சுருக்கி வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் பலகத்து அழுக்கு தெரிந்துவிடும். இரண்டு அட்டைத் துளைகளையும் சோதிக்க வேண்டும். டி 500இல் ஒன்று எஸ்.டி. அட்டை, மற்றது எக்ஸ்.க்யூ.டி. அட்டை, பின்னதன் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் விற்பனையின் ரசீது இல்லாமல் வாங்கலாகாது. மின்கலம் இரண்டுக்கும் ஒரே வகை. பழைய மின்கலங்களே பயன்படுகின்றன என்பது சிறு லாபம்.

விரல் பழக்கம் ஒன்றுதான் மீதி. டி 500இல் ஐ.எஸ்.ஓ. பொத்தான் மேலே விசைக்கருகில். டி 750இல் முதுகில் இடப்பக்கம். ஆகவே இரண்டிலும் ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்க விட்டுவிட்டோம். டி 750இல் குவியத்தைப் பூட்டும் பொத்தானைக் குவியம் தொடங்கும் பொத்தானாக மாற்றி அமைத்ததால் இரண்டிலும் கட்டைவிரலுக்கு ஒரே வேலை. வேலைக்குப் புறப்படுமுன் இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக்குகிறோம். இல்லாவிட்டால் கணினியில் வரிசைப்படுத்தும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு நடக்கும்.

இப்போது கல்யாணத்தில் ஆளுக்கொன்று. மைதானத்தில் ஒருவரே இரண்டையும் தோளுக்கு ஒன்றாகத் தொங்கவிட்டுக்கொள்கிறார். ஏறக்குறைய நான்கு கிலோ. மற்றவர் அட்டையைக் கழற்றிக் கணினியில் ஏற்றி, பெங்களூரிலிருந்து வரும் மாலை ரயில் மாரிகுப்பத்தை அடையுமுன் படங்களைத் தகப்பன்மாரின் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறார். சீட்டுக்கு இன்னும் ஏழு தவணை இருக்கிறது. கூரைத் தகடு தை மாதம் மாற்றுவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம்.