எந்தக் கடலின் மட்டம்?

புகைவண்டி நிலையத்து மஞ்சள் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிப்பது சிறுவயதில் எனக்குப் பெரும் இன்பம். ஊர்ப்பெயருக்கடியில் ஒரு வரி இருக்கும் — கடல் மட்டத்திற்குமேல் இத்தனை மீட்டர் என்று. "எந்தக் கடல், அப்பா?" என்றேன் ஒருநாள். "கடல் என்றால் கடல்தான்! அதில் எந்தக் கடல் என்ன?" என்று சிரித்தார் அப்பா. நானும் அடங்கிவிட்டேன். அச்சடித்த எண் ஆயிற்றே, அதை ஐயுறலாமா?

ஆண்டுகள் பல கழித்து ஒரு பாலத்தின் கதையைப் படித்தேன். ரைன் ஆற்றின் இரு கரையிலும் லாஃபன்பர்க் என்ற ஊர்; ஒரு கரை ஜெர்மனி, மறு கரை சுவிட்சர்லாந்து. ஜெர்மனியின் உயரக் கணக்கு வடகடலை ஒட்டிய ஆம்ஸ்டர்டாமில் தொடங்குவது. சுவிஸ் கணக்கு மத்தியதரைக் கடலோரத்து மார்சேயில் தொடங்குவது. இடைவெளி 27 சென்டிமீட்டர். பொறியாளர்கள் அதை அறியாதவரல்லர், அறிந்தே திருத்தினர். ஆனால் திருத்தத்தைத் திசைமாற்றிச் சேர்த்துவிட்டனர்! 2003இல் பாலம் எழும்பியபோது, 27 மறையவில்லை. 54 ஆகி நின்றது.

உறங்கிய கேள்வி விழித்தது. தேடினேன், தெளிந்தேன். கடல் சமமட்டம் அன்று! அலையையும் ஏற்றவற்றத்தையும் நீக்கிச் சராசரி கண்டாலும், நீரோட்டமும் காற்றும் வெப்பமும் உப்பும் ஓரிடத்தில் நீரை உயர்த்தும், வேறிடத்தில் தாழ்த்தும். உலகக் கடல்களில் இந்த மேடுபள்ளம் ஒரு மீட்டரையும் தாண்டுவதுண்டு.

நம் நாட்டுக் கணக்கு மட்டும் விலக்கா? 1909இல் இந்திய உயரங்களை ஒருங்கு பிணைத்தபோது, கடலோரத்து ஒன்பது நிலையங்களில் சராசரிக் கடல் மட்டத்தைச் சுழி எனக் கொண்டனர். சென்னையும் நாகப்பட்டினமும் அவற்றில் இரண்டு. ஒன்பதும் ஒரே மட்டம் என்பது அளந்து கண்டதன்று, கருதிக்கொண்டது. அன்றைய கருவிக்கு எட்டியது அவ்வளவே, பழிக்கவில்லை. ஆனால் இன்றைய கருவி வேறு.

2002இலும் 2009இலும் ஏவப்பட்ட செயற்கைக்கோள்கள் புவியீர்ப்பை அளந்து, நீர் அசையாது நின்றால் அமையும் மட்டத்தைக் காட்டின. கடற்பரப்பின் உண்மை உயரத்தை வேறு செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. இரண்டின் வேறுபாடே கடலின் மேடுபள்ளம். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஏற்றவற்றமானி காட்டும் சராசரியிலிருந்து அதனைக் கழித்தால், அந்நாட்டுச் சுழி பொது மட்டத்திற்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பது வெளிப்படும். அத்தகைய பொது மட்டத்தைப் பன்னாட்டுப் புவியளவையியல் சங்கம் 2015இல் வரையறுத்தது.

இது ஏட்டுச் சண்டையன்று. வெள்ளம் வரும்போது நீர் எப்பக்கம் பாயும் என்பதை எல்லைக்கோடு முடிவு செய்வதில்லை. உயரம் முடிவு செய்கிறது. அண்டை நாடுகள் இரண்டும் தத்தம் சுழியைப் பிடித்து நின்றால், ஆற்றுக்கு யார் கணக்குச் சொல்வது?

மஞ்சள் பலகை பொய் சொல்லவில்லை, தோழர்களே! பாதி சொல்லி நிறுத்தியது. மீதியைக் கேட்காமல் அடங்கினேனே, அது என் பிழை. உங்கள் வீட்டுப் பிள்ளை "எந்தக் கடல்?" என்று கேட்டால், சிரித்து அடக்கிவிடாதீர்கள்.