பல் ஒரு நாளில், எலும்பு பல மாதங்களில்

‘காலையில் வாருங்கள், மாலையில் நிலையான பல்லோடு செல்லுங்கள்’ என்கிற விளம்பரம் இப்போது சின்ன ஊர்ப் பேருந்து நிலையங்களில்கூட இருக்கிறது. நான் வேலை செய்யும் குடியிருப்பில் அதற்காக நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. விளம்பரம் பொய் என்று சொல்லமாட்டேன். போன ஆண்டு நானே அப்படிப் பல் வைத்துக்கொண்டவள்தான். ஆனால் அதில் சொல்லாமல் விடப்படும் பகுதிதான் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம்.

இம்ப்ளான்ட் என்பது பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் முடுக்கப்படும் டைட்டானியம் திருகு. அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டு, அதற்கும் மேல் பல் வடிவ கிரவுன். 1950களில் சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் கழற்ற முடியவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965இல் இதை மனிதத் தாடையில் பயன்படுத்தினார். அவருடைய முறையில் திருகை ஈறுக்குள் மூடிவைத்து, கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் வரை காத்திருந்த பிறகே பல் பொருத்துவார்கள்.

ஒரே நாள் முறையில் கெட்ட பல்லைப் பிடுங்கி, அதே குழியில் திருகை இறக்கி, தற்காலிகப் பல்லையும் அன்றே மாட்டிவிடுகிறார்கள். எலும்பு ஒட்டும் காலம் மட்டும் குறைந்துவிடவில்லை. அதற்கு இன்றும் மாதக்கணக்கில் ஆகும். வெறும் வாயோடு காத்திருந்த இடத்தில் பல்லோடு காத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

எனக்குப் போனது மேல் முன்பல். பள்ளியில் விழுந்து உடைந்து, ரூட் கேனல் செய்து, இருபது வருடம் கழித்து வேரே பிளந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று கூட்டத்தில் பேச வேண்டிய வேலை. பல்லைப் பார்த்து ஆளை எடைபோடும் சமூகம் நம்முடையது. நம் மக்களின் கறை படிந்த பல்லையும் விழுந்த பல்லையும் காட்டி ‘சுத்தம் தெரியாதவர்கள்’ என்று பேசியதைக் கல்லூரி விடுதியிலேயே கேட்டிருக்கிறேன். பல்வலி வந்தால் பிடுங்குவது மட்டுமே பலருக்குக் கட்டுப்படியாகிறது என்பது அப்படிப் பேசுகிறவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

ஸ்கேனில் எலும்பின் உயரமும் அகலமும் பார்த்தார்கள். சர்க்கரை அளவு, எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள், புகையிலைப் பழக்கம் எல்லாம் கேட்டார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. அழுத்தமும் அதிர்வும் மட்டும் தெரிந்தன. திருகு போதிய அளவு இறுகினால்தான், அதாவது 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்கு வந்தால்தான், அன்றே பல் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். இல்லையென்றால் மூடிவைத்துவிடுவார். ஆக, ஒரே நாளா இல்லையா என்பது நாற்காலியில் படுத்த பிறகுதான் முடிவாகிறது. கீழ்ப்பல் வந்து தட்டாதபடி தற்காலிகப் பல்லைக் கொஞ்சம் குட்டையாக வைத்தார். “இது பார்க்கத்தான் பல், கடிக்க இல்லை” என்றார்.

முதல் நாள் பஞ்சைக் கடித்துக்கொண்டு, கன்னத்தில் ஐஸ் ஒத்தடம். வேகமாகத் துப்பக்கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது. இரண்டு செயலுமே இரத்தக் கட்டியை இழுத்துவிடும். மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளித்தேன். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வீக்கம் உச்சத்துக்குப் போனது. கஞ்சி, ரசம் சாதம், இட்லி என்று ஓட்டினேன். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். மூன்றாவது வாரத்தில் எனக்கு அறுவை நடந்ததே மறந்துபோனது.

தோழர்களே, இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். முதல் நாள் திருகைப் பிடித்திருப்பது வெறும் இறுக்கம். அடுத்த வாரங்களில் சுற்றியுள்ள பழைய எலும்பு கரைந்து புது எலும்பு உருவாகத் தொடங்கும். பழைய பிடி தளர்ந்து புதிய பிடி இன்னும் வராத அந்த மூன்று, நான்காம் வாரத்தில்தான் இம்ப்ளான்ட் மிகவும் பலவீனமாக இருக்கும். அப்போது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் அசைந்துகொண்டே இருந்தாலும் போதும், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்து திருகு ஆடத் தொடங்கிவிடும். வலி சுத்தமாக இல்லாத நாட்கள்தான் ஆபத்தான நாட்கள். முறுக்கும் கரும்பும் கடிக்கத் தோன்றுவதும் அப்போதுதான். நான்கு மாதம் கழித்துத்தான் எனக்கு நிரந்தர கிரவுன் வைத்தார்கள்.

என் பல்லைப் பார்த்துவிட்டு, சித்தாள் வேலை செய்யும் அக்கா ஒருவர் கேட்டார்: “ஏம்மா, ஒரே நாள்ல வச்சுட்டா மறுநாள் வேலைக்குப் போலாமா?”

அந்தக் கேள்விக்கு விளம்பரத்தில் பதில் இல்லை. நான் மாதச் சம்பளக்காரி. மூன்று நாள் விடுப்பு எடுத்தும் கூலி போகவில்லை. குனிந்து செங்கல் தூக்கினால் முதல் சில நாட்களில் இரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். வேலையிடத்தில் கிடைப்பதைத்தான் சாப்பிட வேண்டும். களைப்புக்குப் போடும் புகையிலை, எலும்பு ஒட்டுவதையே கெடுக்கும். அறுவைக்குப் பணம் புரட்டினாலும், ஆறுவதற்கு வேண்டிய ஓய்வை அக்காவுக்கு யார் கொடுப்பது? பணக்காரருக்கும் ஏழைக்கும் திருகு ஒன்றுதான். அது ஆறும் சூழல்தான் வேறு.

அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். இப்போதைக்குக் கழற்றி மாட்டும் பல் செட் வைத்துக்கொள்வதில் எந்தக் கேவலமும் இல்லை. பல் போன இடத்தில் எலும்பு சுருங்கிக்கொண்டே போகும், பின்னால் இம்ப்ளான்ட் வைக்க எலும்பு சேர்க்க வேண்டிவரலாம் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டையும் தெரிந்துகொண்டு அவர் செட்டைத் தேர்ந்தெடுத்தார். அது அவருடைய முடிவு.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இதற்குக் கிளம்பினால், கூடப் போய் இவற்றைக் கேளுங்கள். சொன்ன விலை திருகுக்கு மட்டுமா, ஸ்கேன், இணைப்புத் துண்டு, தற்காலிகப் பல், நிரந்தர கிரவுன் எல்லாவற்றுக்குமா? அன்றே பல் வைக்க முடியாமல் போனால் என்ன ஏற்பாடு? திருகு ஒட்டாமல் போனால் மறுபடி வைக்கும் செலவு யாருடையது? எத்தனை மாதம், எத்தனை முறை வர வேண்டும்? பதிலை எழுதி வாங்குங்கள். சர்க்கரை நோயையும், எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் மருந்தையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நாள் கழித்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, சீழ், காய்ச்சல், உதட்டில் மரத்த உணர்வு நீடித்தாலோ, பல் ஆடுவதுபோல் தோன்றினாலோ மாத்திரை போட்டுச் சமாளிக்கக்கூடாது. உடனே போக வேண்டும். ‘பணம் கட்டியாச்சு, மறுபடி போனா திட்டுவாங்க’ என்று தயங்குகிறவர்கள் நம்மிடையே அதிகம். திட்டினால் திட்டட்டும். காசு கொடுத்து வாங்கிய சிகிச்சையில் ஆறிமுடியும் வரையிலான கவனிப்பும் அடக்கம். அதைக் கேட்பது உரிமை.