பேர் மாறும் வரை

புதுக் காருக்கு விலை உண்டு. ஐந்து வயதைத் தாண்டிய காருக்குப் பேச்சுதான் உண்டு. இதைக் காப்பீட்டுத் துறையே ஒத்துக்கொள்கிறது. வண்டி திருடுபோனாலோ முழுக்க நொறுங்கினாலோ கிடைக்கும் தொகையை ஐடிவி என்பார்கள். அதைக் கணக்கிட ஒரு தேய்மான அட்டவணை இருக்கிறது. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, பிறகு வருடத்துக்கொரு படியாக 20, 30, 40, 50. ஐந்தாவது வருடத்தோடு அட்டவணை நின்றுவிடும். அதற்குமேல் காப்பீடு கொடுப்பவரும் எடுப்பவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

2024இல் என் காரை விற்க முடிவு செய்தபோது, அந்த அட்டவணை முடிந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. 2011 மாடல், சின்ன பெட்ரோல் வண்டி, சிங்கிள் ஓனர், 78 ஆயிரம் கிலோமீட்டர். கடன் முடிந்ததுமே வங்கியின் என்ஓசியோடு ஃபார்ம் 35 கொடுத்து ஆர்சியில் அடமானக் குறிப்பை நீக்கியிருந்தேன். காகிதத்தில் சிக்கல் எதுவும் இல்லை. விலைதான் தெரியவில்லை.

மென்பொருள்காரன் புத்தி, முதலில் எக்செல்லைத் திறந்தேன். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் அதே மாடலுக்கு வந்த விளம்பரங்களை ஆறு வாரம் குறித்துவைத்தேன். சராசரி 2 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் அந்தச் சராசரியில் ஒரு பொய் ஒளிந்திருந்தது. நியாயமான விலை போட்ட வண்டிகள் இரண்டு மூன்று நாளில் காணாமல் போயின. கூடுதலாகக் கேட்டவை மட்டும் வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தன. எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் நம் கண்ணில் அதிகம் படுவது விற்காத வண்டிகள்தான். அதுவும் கேட்ட விலையோடு. கொடுத்த விலை எங்கேயும் பதிவாவதில்லை. அதனால் சராசரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூன்று நாளுக்குள் மறைந்த விளம்பரங்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். 1,60,000 ஐ ஒட்டி வந்தது. பேரம் பேசக் கொஞ்சம் இடம் விட்டு 1,75,000 என்று போட்டேன்.

அதற்கு முன்பே எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு கார் கன்சல்டிங்கில் காட்டியிருந்தேன். 1,15,000 சொன்னார். அடிமாட்டு விலை என்று கோபம் வரலாம். ஆனால் அவர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. கிளட்ச் மாற்ற வேண்டும், ஏசி பார்க்க வேண்டும், வண்டி இரண்டு மாதம் நின்றால் இடத்துக்கு வாடகை, முடங்கிய பணத்துக்கு வட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் அதன் செலவும் அவர் தலையில்தான் விழும்.

இந்தக் கடைசிக் கணக்குக்குப் பொருளாதாரத்தில் பேர்பெற்ற ஒரு கட்டுரை உண்டு. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதியது. அதற்காகவும் சேர்த்துத்தான் 2001இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்தான். நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு நடுவாந்தர விலைதான் கொடுப்பார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டிக்காரர்கள் சந்தையை விட்டு விலகுவார்கள். மிச்சமிருப்பவற்றின் தரம் இன்னும் குறையும், விலையும் கூடவே இறங்கும்.

சரி, தெரியாததைத் தெரியப்படுத்திவிட்டால்? சர்வீஸ் பில்களை வரிசையாக அடுக்கி, மேலே ஒரு தாள் வைத்தேன். அதில் மூன்று வரி: இடதுபக்க முன்கதவு ஒருமுறை டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடித்தது, ஏசி மதிய வெயிலில் திணறும், கிளட்ச் இன்னும் ஆறேழு மாதம் தாங்கலாம்.

முதலில் வந்தவர் தாளைப் படித்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். "நீங்களே மூணு சொல்றீங்கன்னா, சொல்லாதது எத்தனை இருக்கும்ங்க?" என்று சிரித்தபடி கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. யாரும் எதுவும் சொல்லாத சந்தையில், சொல்கிறவன்மேல்தான் சந்தேகம் வரும்.

இரண்டாமவர் தாளைத் திரும்பியும் பார்க்கவில்லை. டெஸ்ட் டிரைவ்கூட வேண்டாம் என்றார். "ஒன்னு எழுபது, ரொக்கம். ஃபார்ம் இருபத்தொம்போது, முப்பதுல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துருங்க சார். தேதி, பேரு எல்லாம் நாங்க நிரப்பிக்கிறோம்."

மூன்றாவதாக அவிநாசிப் பக்கமிருந்து ஒரு பையன். சின்னத் தையல் யூனிட் வைத்திருக்கிறான், முதல் கார். கூடவே அவன் தாய்மாமனும் ஒரு மெக்கானிக்கும். மெக்கானிக் மீட்டரைப் பார்க்கவே இல்லை. மீட்டர் எண் ஒரு சில்லுக்குள் இருக்கிறது, அதை மாற்றி எழுத லேப்டாப் போதும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கின் வழவழப்பு, ஓட்டுநர் சீட்டின் பள்ளம், இவற்றைப் பார்த்தார். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் உள்ள வருடக் குறியைப் படித்தார். கதவுக் கீல் போல்ட்டுகளில் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவினார். இடது கதவில் மட்டும் பெயர்ந்திருந்தது. தாளைப் பார்த்து, "சொன்னது சொன்னபடி இருக்குதுங்க" என்றார்.

அப்புறம் மாமா ஆரம்பித்தார். "தம்பி, ரெண்டு வருசத்துல எஃப்சி வந்துரும். அதுக்கே அஞ்சாயிரம் கட்டோணும். கிளட்ச்சு வேற." பதினைந்து வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 5,000 தான். மனிதர் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். 1,52,000 இல் நின்றார். பேரை உடனே மாற்றிவிட வேண்டும் என்பதை நான் சொல்வதற்கு முன்பே அவர் சொன்னார்.

"பதினெட்டாயிரம் குறையுதுங்க" என்றாள் மனைவி. குறையத்தான் செய்தது. எங்கள் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்தப் பதினெட்டாயிரம் எதற்கான விலை என்று யோசித்தேன். வண்டி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இரண்டாமவர் கூடுதலாக விலை பேசியது என் கையெழுத்தை.

தேதியில்லாத ஃபார்மோடு வண்டி எத்தனை கை மாறினாலும் பதிவில் என் பேர்தான் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமையாளர் என்றால் யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவர். இப்படிப் பல கை மாறிய ஒரு கார் 2009இல் விபத்தில் சிக்கியது. பதிவில் அப்போதும் இருந்தது முதலில் விற்றவரின் பேர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இழப்பீட்டுக்குப் பொறுப்பு பதிவிலுள்ள உரிமையாளருக்குத்தான் என்று 2018இல் தீர்ப்பு வந்தது. விற்ற காசை என்றோ செலவழித்துவிட்ட ஒருவர், தான் பார்த்தேயிராத ஓட்டுநருக்காகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பையனுக்கே கொடுத்தேன். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். நாங்கள் சாவி கைமாறுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டோம். டெலிவரி ரசீதில் தேதியோடு மணியும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அதற்குப் பிறகு வரும் போக்குவரத்து அபராதம் யாருடையது என்பதில் குழப்பம் வராது. ஃபாஸ்டாகை மூடினேன். இல்லாவிட்டால் அவர்கள் தாண்டும் ஒவ்வொரு டோல்கேட்டுக்கும் என் கணக்கில்தான் பணம் போகும். காப்பீட்டை 14 நாளுக்குள் தன் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்கும்படி பையனிடம் சொன்னேன். நோ கிளெய்ம் போனஸ் மட்டும் அவனுக்குப் போகாது. அது வண்டிக்கு உரியதல்ல, கிளெய்ம் கேட்காத ஆளுக்கு உரியது. என் அடுத்த காருக்கு வரும்.

பிறகு தினமும் எம்பரிவாகனில் அந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அங்கே உரிமையாளர் பேரை முழுதாகக் காட்டுவதில்லை, எழுத்துகளுக்கு நடுவே நட்சத்திரக் குறிகள் வரும். பத்தொன்பதாம் நாள் அந்த நட்சத்திரங்களுக்கு முன்னால் இருந்த எழுத்து என்னுடையது இல்லை. கார் அன்றைக்குத்தான் விற்றது.