உபின் தீவின் பொன்வலைக்காரிகள்

சாங்கி படகுத் துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டால் படகு கிளம்பிவிடும். பத்து நிமிடத்தில் புலாவ் உபின். ஜொகூர் நீரிணையில் கிடக்கும் இந்தச் சிறு தீவில் முன்பு கருங்கல் உடைத்தார்கள், ரப்பரும் நட்டார்கள். கல்லுடைப்பு 1999-இல் நின்றது. பால்மரங்களோ வெட்டுவார் இல்லாமல், நிரை கலைந்து, இன்னும் புதருக்குள்ளே நிற்கின்றன. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தப் பட்டையைக் கண்டதும் கை சும்மா இருக்காது. ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

அப்படித் தடவப் போகும் முன் சற்று நில்லுங்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே, ஆள் உயரத்தில், பெரிய வலை ஒன்று கட்டியிருக்கும்.

நெற்றி விளக்கோடு இருட்டில் நிரை பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல. முகத்தில் ஒட்டும் வலையைக் கையால் வழித்து எறிந்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனவர்கள்தானே நாம்! பெரிய எட்டுக்கால் பூச்சி எல்லாம் ஒரே சாதி, எல்லாம் விஷம் என்பது லயத்துப் பேச்சு. உபினில் அரை நாள் நடந்தால் அந்தப் பேச்சு நிற்காது.

பார்க்க வேண்டியது முதலில் வலை. பூச்சியின் நிறம் பிறகுதான். மஞ்சளும் கறுப்பும் பல சிலந்திகளுக்கு உண்டு.

வெயில் படும்போது இழை பொன்னிறமாக மின்னினால் அது பொன்வலைச் சிலந்தி. வலையின் நடுப்புள்ளி மேல்பக்கமாகத் தள்ளியிருக்கும்; அங்கே தலைகீழாகத் தொங்குவது பெண். ஆண் எங்கே என்று கேட்பீர்கள். அதே வலையின் ஓரத்தில் அரிசி மணி போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அவர்தான் வீட்டுக்காரர்!

இழை வெள்ளையாக இருந்து, வலை நடுவில் தடித்த வெள்ளை நூலால் பெருக்கல் குறி போலத் தையல் போட்டிருந்தால் அது வேறு வகை: ஆர்கியோப்பி. எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து அந்தக் குறியின்மேலேயே நீட்டி வைத்திருப்பதால் நான்கு கால்தானோ என்று தோன்றும். சாப்பாட்டு முறையும் வேறு. பூச்சி விழுந்ததும் ஆர்கியோப்பி பெரும்பாலும் முதலில் நூலால் சுற்றிக் கட்டும்; பொன்வலைக்காரி முதலில் கடித்து, பிறகுதான் கட்டுவாள்.

உண்மையான குழப்பம் பொன்வலைக்காரிகளுக்குள்ளேதான். உபினில் இரண்டு வகை உண்டு. பெரியது நெஃபிலா பிலிபெஸ். உடல் மட்டும் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர். கால் விரித்தால் உள்ளங்கை கொள்ளாது. கறுத்த நீண்ட வயிற்றில் மஞ்சள் கோடுகள் தலையிலிருந்து வால் பக்கமாக நேராக ஓடும். மற்றொன்றுக்குக் கோடு கிடையாது. மஞ்சள் திட்டுகள் சிதறியிருக்கும். பாத்திக் துணி நினைவுக்கு வருவதால் பாத்திக் சிலந்தி என்றே அழைக்கிறார்கள். பழைய புத்தகங்களில் இதுவும் நெஃபிலாதான். 2019-இல் டிரைக்கோநெஃபிலா என்று மாற்றிவிட்டார்கள். சிலந்திக்கு அதனால் ஒன்றும் இல்லை, பெயர்ப்பலகை எழுதுபவர்களுக்குத்தான் வேலை.

மலேசியக் காட்டோரங்களில் மூன்றாவது ஒன்றும் உண்டு: நெஃபிலா கூலி. கரிய உடல், செந்நிறக் கால். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

பாத்திக் சிலந்தியிடம் ஒரு வித்தை இருக்கிறது. வலையில் இத்தனை இரை தொங்கியும் எறும்பு ஏறி வருவதில்லையே, ஏன்? சிங்கப்பூரிலும் மெல்பர்னிலும் உள்ள ஆய்வாளர்கள் 2011-இல் விடை சொன்னார்கள். வளர்ந்த சிலந்தி தன் இழையில் ஒரு மருந்தைக் கலக்கிறது. அதைத் தொட்ட எறும்பு திரும்பிவிடும். குஞ்சுகள் கலப்பதில்லை. அவற்றின் இழை மிக மெல்லியது, எறும்பு அதில் நடக்கவே முடியாது. வீண் செலவு செய்யாத குடும்பம்!

விஷம் என்ற பயத்துக்கு வருவோம். இவை தானாக வந்து கடிப்பதில்லை. கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கலாம். சிறிது நேரம் வலிக்கும், சிவக்கும். ஆனால் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் வந்து எரிந்தால், “எட்டுக்கால் பூச்சி எச்சில் பட்டுவிட்டது” என்று காவி பூசிக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் நம்மில் இன்றும் உண்டு. அது அக்கி. முன்பு சின்னம்மை கண்டவர் உடம்பில் ஒளிந்திருந்த கிருமி மறுபடி தலை தூக்குவது. மருந்து உண்டு, கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கண்ணருகே வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. அந்தப் பழி சிலந்திமேல் போகும்போது நாள்தான் கழிகிறது, பார்வையே போனவர்களும் உண்டு.

உபினுக்குப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். சாய்ந்த வெயிலில்தான் பொன்னிழை கண்ணுக்குத் தெரியும். உச்சி வெயிலில் முகத்தில் பட்ட பிறகே தெரியும். பிள்ளைகள் கையில் குச்சி கொடுக்காதீர்கள். அவ்வளவு தூரம் முடியாதவர்கள், சிங்கப்பூரின் வடமேற்கே சுங்கை பூலோ சதுப்புக் காட்டுக்குப் போகலாம். அங்கேயும் பாத்திக்காரி இருக்கிறாள், படகு தேவையில்லை.