மிச்சம் ஒன்றரை லட்சம்

ஈ.எச்.கார் எங்களுக்கு இரண்டு தடவை வந்தார். சர்வதேச உறவுகள் வகுப்பில் 1939இல் 'இருபது ஆண்டு நெருக்கடி' எழுதியவராக. வரலாற்றுத் தாளில், 1961இல் கேம்பிரிட்ஜில் 'வரலாறு என்றால் என்ன?' என்று சொற்பொழிவாற்றியவராக. இரண்டும் ஒரே ஆள் என்பது வகுப்பில் பாதிப் பேருக்கு முதல் செமஸ்டர் முடியும்வரை உறைக்கவில்லை. மனிதர் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் இருபது வருஷம் இருந்தவர், 1919 பாரிஸ் சமாதான மாநாட்டுக்கும் போனவர். அதே 1919இல்தான் வேல்ஸில், அபெரிஸ்த்வித் என்ற கடலோர ஊரில், சர்வதேச அரசியலுக்கென்று முதல் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார்கள். இனியொரு போர் வரக்கூடாது என்பதற்காகத் தொடங்கிய படிப்பு. இருபது வருஷத்தில் அடுத்த போர் வந்துவிட்டது. துறையின் ஜாதகம் அப்படி.

டெல்லியில் நாங்கள் படித்த சர்வதேசக் கல்விப்புலம் 1955இல் சப்ரு ஹவுஸில் தொடங்கி, 1970இல் ஜே.என்.யு.வோடு சேர்ந்தது. ஆரவல்லிப் பாறைகள், முள்மரங்கள், சாயங்காலம் சாலையைக் கடக்கும் நீல்காய்கள், நதிகளின் பெயர் வைத்த விடுதிகள். காவிரியில் ஒரு பீகாரி, கோதாவரியில் ஒரு மணிப்பூர்க்காரி என்று இருப்பார்கள். ராத்திரி தாபாவில் பனிப்போரை முடித்துவைத்துவிட்டுத்தான் தூங்கப் போவோம். அந்த வெட்டிப் பேச்சில் கற்றது வகுப்பில் கற்றதைவிடக் குறைவு என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வகுப்பில் நாடுகள் ஆட்களாக நடமாடின. மாஸ்கோ தயங்கும், வாஷிங்டன் முறைக்கும், கொழும்பு கேட்கும், டெல்லி விட்டுக்கொடுக்கும். கொஞ்ச நாளில் நமக்கே அந்தப் பேச்சு வந்துவிடுகிறது. நீலகிரி கூடலூரிலிருந்து போன எனக்கும் வந்துவிட்டது. டெர்ம் பேப்பருக்குத் தலைப்பு கேட்டபோது சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் என்றேன். எங்கள் ஊர்ப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் பாதிப் பேர் அந்த ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள். நாங்கள் அவர்களை 'சிலோன்காரங்க' என்போம். அவர்களோ அங்கே 'இந்தியாக்காரங்க'ளாக இருந்தவர்கள்.

1964 அக்டோபர் 30. பார்த்தால் பெரிய ஆவணம்கூட இல்லை, இரண்டு பிரதமர்கள் மாற்றிக்கொண்ட கடிதம். இலங்கையில் இந்திய வம்சாவளியில் நாடற்றவர்கள் சுமார் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், இரு பக்கமும் இயற்கைப் பெருக்கத்தோடு சேர்த்து. அதாவது ஏழுக்கு நாலு. இனிப் பிறக்கப்போகிற குழந்தைக்கும் அதே விகிதம். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இத்தனை பேரை ஏற்க டெல்லி ஏன் இறங்கி வந்தது? உறவுகள் தாள் சொல்லும்: 1962இல் சீனாவிடம் அடி வாங்கியாயிற்று, பக்கத்து வீடுகளையாவது பகைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும், நேரு மறைந்து ஐந்து மாதம், புதுப் பிரதமருக்கு ஒரு முடிவு தேவை. சரியான பதில், மதிப்பெண்ணும் கிடைக்கும். வரலாற்றுத் தாள் பின்னால் போகச் சொல்லும்: அவர்களை நாடற்றவர்களாக்கிய 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளர் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போகிறதே என்ற அன்றைய பிரதமர் சேனநாயக்காவின் பயம், அதற்கும் முன்னால் காப்பித் தோட்டம், கங்காணி, மன்னார் வழியாக நடந்தே போன கூலிகள். அதுவும் சரிதான். தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானும் அவருடைய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் ஒப்பந்தத்தை எதிர்த்தது இரண்டு தாளிலுமே அடிக்குறிப்பில்தான் இருந்தது.

தீன்மூர்த்தி நூலகத்தில் மைக்ரோஃபிலிம் கருவியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அந்த வாரத்துப் பத்திரிகைகளைப் பார்த்தேன். கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடும், கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும். நிறுத்தினால் ஒப்பந்தச் செய்தி, பக்கத்திலேயே சைக்கிள் விளம்பரம். டிசம்பருக்குப் போனால் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன செய்தி. தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடிய துறையே போய்விட்டது. பிறகு ஒப்பந்தப்படி ஆட்கள் வந்து இறங்கியது ராமேஸ்வரத்தில்.

விண்ணப்பம் வாங்கியபோது கணக்கு தலைகீழாகப் போனதைப் படித்த அன்றைக்கு நூலகத்திலேயே சிரித்துவிட்டேன். இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள்தான் அதிகம். இரண்டு தலைநகரமும் சேர்ந்து பிரித்த ஏழுக்கு நாலைத் தோட்டத்து லயங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கோட்பாட்டு வகுப்பில் நாடுகள்தான் முடிவெடுக்கும். படிவத்தில் கைநாட்டு வைப்பவனுக்கு அங்கே பெயர் கிடையாது.

லீவுக்கு ஊருக்குப் போனபோது நண்பனின் அம்மாவிடம் இந்தக் கணக்கையும் மிஞ்சிய ஒன்றரை லட்சத்தையும் சொன்னேன். சின்னப் பெண்ணாக இலங்கையின் ஹட்டனிலிருந்து வந்தவர். கொழுந்து எடுத்துத் தேய்ந்த கட்டைவிரல் நகத்தைக் கத்தியால் சீவிக்கொண்டே கேட்டார்.

"அந்த ஒன்றரை லட்சத்துல நாங்க இருந்தமா தம்பி?"

"அப்படி லிஸ்ட் எதுவும் இல்லம்மா. ஆள் யாருன்னு அவங்களுக்கே தெரியாது. கணக்குல மிஞ்சினது."

"எங்க சித்தப்பா இருந்திருப்பாரோன்னு கேட்டேன். இந்தியா பாஸ்போர்ட் வாங்கிப் பெட்டியில வச்சிட்டாரு. கப்பல் நின்னு போச்சு."

கப்பல் நின்றது 1984இல். அந்த ஒன்றரை லட்சத்தை இந்திராவும் சிறிமாவோவும் 1974இலேயே ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். என் பேப்பரும் அங்கேயே முடிந்தது, பாடத்திட்டமும் அதுவரைதான். திருத்தியவர் ஓரத்தில் பென்சிலால், ஓர் அம்மா சொன்னது எப்படி ஆதாரமாகும் என்று கேட்டிருந்தார். தரம் குறைக்கவில்லை.

பாஸ்போர்ட் இருந்தும் கப்பல் கிடைக்காதவர்களுக்கு இலங்கை நாடாளுமன்றம் 2003இல்தான் வழிசெய்தது. யாருக்குக் குடியுரிமை என்று அந்தச் சட்டம் சொல்கிற இடத்தில் ஒரு தேதி இருக்கிறது: 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிப்பவர்கள், அவர்களுடைய சந்ததியினர். சித்தப்பா அந்தச் சட்டத்தில் மனு போட்டார். மகன்தான் எழுதிக் கொடுத்தானாம்.